40 சதவீதம் எப்படி வருகிறது?

மதுரைப் பக்கம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு அலைகிறவர்களில் பலர், டாக்டர் மனசு வைத்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் எழுதுவது குறைபாடு எத்தனை சதவீதம் என்பது மட்டும்தான்; உதவித்தொகைக்கு அது குறைந்தது 40 இருக்க வேண்டும். அந்தச் சதவீதத்துக்கு என்ன உண்டு என்று பார்ப்பது அலுவலகம்.

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். பிறகு இராஜாஜி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் அந்தந்தத் துறை மருத்துவர் பரிசோதிப்பார். மத்திய அரசு 2024 மார்ச்சில் திருத்திய நெறிமுறைதான் அளவுகோல். நோயின் பெயரை மட்டும் வைத்து மார்க் கிடையாது. உறுப்பின் செயல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே கணக்கு.

ஒரு கண் முழுக்கப் போய், மறுகண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். அதுவும் கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகு உள்ள பார்வைதான். காதில், நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதினதைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது அடியோடு போய், மற்றது சரியாக இருந்தால் 17-தான் தேறும். கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அது.

இரண்டு குறைபாடு இருந்தால் அப்படியே கூட்ட மாட்டார்கள். காலில் 30, காதில் 24 என்றால் 54 ஆகாது. பெரிய எண்ணான 30-ஐ 90-இல் கழித்தால் மீதி 60. அதை 24-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16. அதை 30-உடன் கூட்டினால் 46. தனித்தனியாக 40-ஐத் தொடாதவர், சேர்த்தால் தாண்டிவிடுகிறார். காலை மட்டும் காட்டிவிட்டு ஊர் திரும்பினால் இது கைநழுவிப் போகும். இரண்டு துறையிலும் காட்டுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை அறிக்கை) கையில் இருக்கட்டும்.

யு.டி.ஐ.டி. அட்டை வெள்ளை நிறத்தில் வந்தால் 40-க்குக் கீழே என்று அர்த்தம். மஞ்சள், 40 முதல் 79 வரை. நீலம், 80-உம் அதற்கு மேலும். வெள்ளை அட்டையோடு பென்ஷனுக்கு மனுப் போட்டால் தள்ளுபடிதான். 40 இருந்தால் வருவாய்த் துறையின் மாதம் 1,500 ரூபாய்க்குத் தாசில்தாரிடம் மனுச் செய்யலாம். அங்கே மற்றத் தகுதிகளையும் பார்ப்பார்கள். 75-உம் அதற்கு மேலும் கடும் பாதிப்பு உள்ளவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

சான்றிதழில் 'தற்காலிகம்' என்றிருந்தால் காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சதவீதம் குறைத்துப் போட்டிருப்பதாகப் பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாசில்தாரிடம் போய் முறையிட்டுப் பயனில்லை, சதவீதத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது.