கரடி ஏன் சாகவில்லை?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம், கூடவே கோடை விடுமுறை. அண்ணனும் தம்பியும் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சண்டைச் சீட்டாட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். தம்பியிடம் 2/2 கரடிச் சீட்டு. முதல் எண் அடிக்கும் பலம், அடுத்தது தாங்கும் பலம். அதன்மேல் அண்ணன் 'லைட்னிங் போல்ட்' போடுகிறார்: 3 அடி. தம்பி உடனே 'ஜெயண்ட் க்ரோத்' போடுகிறார்: அந்தச் சுற்று முடியும்வரை கரடிக்கு +3/+3. "நான்தானே முதலில் போட்டேன், கரடி செத்திருக்கணுமே" என்பது அண்ணனின் வழக்கு.

வழக்கு தள்ளுபடி.

கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டம் 1993இல் வந்தது. 1999இல் விதிகளைத் திருத்தி 'ஸ்டாக்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மந்திரச் சீட்டைப் போட்டவுடன் அது பலிக்காது. ஸ்டாக்கில் போய்க் காத்திருக்கும். எதிராளி அதன்மேல் இன்னொன்றை வைக்கலாம், அதற்கு மேலும் வைக்கலாம். இருவரும் "போதும்" என்று அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தால் உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் பலிக்கும். மண்டபம் ஊரில் லாரியில் கடைசியாக ஏற்றிய மீன்பெட்டிதானே முதலில் இறங்கும், அதே கணக்கு.

ஆக, முதலில் க்ரோத். கரடி 5/5 ஆகிறது. அப்புறம் போல்ட். 3 அடி விழுகிறது, 5 தாங்கும், பிழைத்தது. இப்போது வரிசையைத் திருப்புங்கள். தம்பி ஆசைப்பட்டு க்ரோத்தை முதலில் போட்டிருந்தால், அது பலிக்கும் முன்பே அண்ணன் மேலே போல்ட்டை வைத்திருப்பார். போல்ட் முதலில் இறங்கி 2/2 கரடியைக் கொன்றிருக்கும். க்ரோத்துக்குக் குறியே இல்லை, வீண். அதே இரண்டு சீட்டு, அதே கரடி! இந்த இடம் எனக்கு எப்போதும் இனிக்கும்.

கணினியும் இப்படித்தான். நிரலின் ஒரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதி) இன்னொன்றை அழைத்தால், கடைசியாக அழைக்கப்பட்டது முடிந்த பிறகுதான் முந்தையது தொடரும். 2019இல் மூன்று ஆய்வாளர்கள் இந்தச் சீட்டுகளை வைத்தே டூரிங் இயந்திரம், அதாவது எந்தக் கணினி போடும் கணக்கையும் போடக்கூடிய கற்பனை இயந்திரம், கட்டலாம் என்று காட்டினார்கள். அதனால் எந்த ஆட்டத்தைக் கொடுத்தாலும் யார் வெல்வார் என்று தவறாமல் சொல்லும் ஒரு கணினி நிரலை எழுதவே முடியாது. "இதற்கெல்லாமா ஆராய்ச்சி?" என்பவர்களிடம் நிதி ஒதுக்கும் பொறுப்பைத் தரக்கூடாது என்பது என் கட்சி.

மாணவரின் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மை: சுற்று முடிந்ததும் +3/+3 போய்விடுமே, 2 தாங்கும் கரடிமேல் 3 அடி இருக்கிறதே, அப்போதாவது சாகாதா? சாகாது. சுற்றின் கடைசிக் கட்டத்தில் வாங்கிய அடிகள் அழிவதும் தற்காலிக பலம் போவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது விதி. பலம் போய் அடி மட்டும் மிச்சமிருக்கும் கணம் ஆட்டத்தில் வருவதே இல்லை.