வால் விடும் வெளிச்சம்: டியூப் கேமராவின் கதை

இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, 1970களின் வீடியோ கேமராவை அதன் முன்னால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், சுடர் தனக்குப் பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு போகும். இன்று ஃபில்டர் போட்டு வரவழைக்கிற அந்த வால், அன்றைக்குப் பொறியாளர்களின் தலைவலி.

அந்தக் கேமராக்களில் சென்சார் சிப் கிடையாது. கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய்தான் இருக்கும். 1950இல் ஆர்சிஏ என்ற அமெரிக்க மின்னணு நிறுவனம் கொண்டுவந்த விடிகான் இந்த வகைக் குழாய். குழாயின் முகப்பில் ஒளி பட்டால் மின்தடை குறையும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. பின்னாலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை வரி வரியாக வந்து, பூச்சின் முதுகில் எலக்ட்ரான்களை நிரப்பிவிட்டுப் போகும். வெளிச்சம் விழுந்த இடத்தில் அவை கசிந்துவிடும், இருண்ட இடத்தில் அப்படியே இருக்கும். கற்றை அடுத்த சுற்று வரும்போது எந்த இடத்தில் எவ்வளவு நிரப்ப வேண்டியிருக்கிறதோ, அந்த மின்னோட்டம்தான் வீடியோ சிக்னல். அவ்வளவுதான் சங்கதி! ஒரே சுற்றில் முழுதாக நிரம்பாமல் மிச்சம் நின்றால் முந்தைய படம் லேசாக ஒட்டிக்கொண்டே வரும், மங்கலான வெளிச்சத்தில் இது இன்னும் மோசம். அதுதான் வால்.

1980களில் குழாய்க்குப் பதிலாக, ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி சிப் வந்ததும் வால் போனது. பதிலுக்கு, பளிச்சென்ற விளக்கைக் காட்டினால் திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தது. சிப்பில் மின்னூட்டத்தை நெடுவரிசையாக நகர்த்தித்தான் வெளியே எடுக்கிறார்கள், போகிற வழியில் அந்த வெளிச்சமும் ஒட்டிக்கொள்கிறது.

சரி, அந்தப் பழைய டியூப் கேமராவை இன்று பயன்படுத்த முடியுமா? தாராளமாக. டேப்பே வேண்டாம். கேமராவின் வீடியோ அவுட்டை வீடியோ சிக்னலைக் கணினிக் கோப்பாக மாற்றும் ஒரு கேப்சர் கருவி வழியாகக் கணினியில் சேர்த்தால் போதும். பழைய பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், அதனால் சரியான வோல்டேஜ் உள்ள அடாப்டர் தேடுங்கள், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், பதிவான படத்தில் அசைவுகளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். படத்தை 625 வரிகளாகப் பிரிக்கும் பழைய டிவி முறையில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாக, மாறி மாறி, மொத்தம் விநாடிக்கு 50 முறை வருகின்றன. கணினியில் டீஇன்டர்லேஸ் செய்தால், அதாவது இரண்டையும் சீராக ஒன்றுசேர்த்தால், சரியாகிவிடும்.

சூரியனை மட்டும் காட்டாதீர்கள், பூச்சு பொசுங்கி நிரந்தரத் தழும்பாகிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டிப் பார்ப்பது நல்லது. முந்தைய ஆள் எப்போதோ காட்டிய விளக்கு அதில் இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம்.