தக்காளியின் பச்சைத் தோள்

மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் தக்காளி இரண்டு குவியலாகக் கிடக்கும். ஒன்று பெங்களூர் தக்காளி: கெட்டித் தோல், காம்பிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. மற்றது நாட்டுத் தக்காளி: தட்டையாக, பள்ளம் பள்ளமாக, கொஞ்சம் அழுத்திவிட்டால் சாறு கசிந்துவிடும். பாதி பழுத்த நாட்டுத் தக்காளியைத் திருப்பிப் பாருங்கள். காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரியும். 'காயா இருக்கே' என்று பலர் அதை ஒதுக்கிவிடுவார்கள். நல்ல ரசம் வைக்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் பொறுக்கி எடுப்பார்கள்.

அந்தப் பச்சைக்கு ஒரு வேலை உண்டு. வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைப்பது இலையின் தொழில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தக்காளிக் காயும் அதே தொழிலைச் சிறிய அளவில் செய்கிறது. பழத்துக்குப் போகும் சர்க்கரையில் பெரும்பங்கு இலையிலிருந்துதான் வருகிறது. மீதியைக் காய் தானே சமைத்துக்கொள்கிறது. காம்பை ஒட்டிய இடத்தில், வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கும் பச்சை நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்கள் அதிகம் என்பதால் அங்கே பச்சை அடர்ந்து நிற்கிறது. பயிர் வளர்ப்பவர்கள் அதைப் 'பச்சைத் தோள்' என்கிறார்கள்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில், தோள் இல்லாமல் முழுக்க ஒரே வெளிர்ப்பச்சையாகக் காய்க்கும் செடிகள் கண்ணில் பட்டன. அவை பழுக்கும்போது சீராகச் சிவந்தன, பார்க்க அழகாக இருந்தன. ஒட்டு ரகங்களை உருவாக்கியவர்கள் அந்தக் குணத்தையே தேர்ந்தெடுத்துப் பரப்பினார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது 2012-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில்தான் தெரிந்தது. தோள் இல்லாத செடிகளில் ஜிஎல்கே2 என்ற மரபணு பழுதாகிக் கிடக்கிறது. காயில் பசுங்கணிகங்களைப் பெருக்குவது அந்த மரபணுதான். அது ஒழுங்காக வேலை செய்யும் பழங்களில் சர்க்கரையும் கூடுதல், சிவப்பு தரும் லைகோபீனும் கூடுதல். அழகுக்காக ருசியைத் தெரியாமலே கழித்துக்கட்டியிருக்கிறோம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளிக்குப் பச்சைத் தோள் உண்டு. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தின் மரபணுவில் திடீர்மாற்றத்தைத் தூண்டி எடுத்த ரகம் அது. அந்த ரகம் வெளிவந்தபோது பெரியகுளம் மதுரை மாவட்டத்தில் இருந்தது. வீரிய ஒட்டு இல்லை என்பதால் விதையை நாமே எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி என்றாலும், இத்தனை தலைமுறை இந்த மண்ணில் காய்த்ததை 'நாட்டு' என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ருசி என்றால் இனிப்பும் புளிப்பும் மட்டுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு தக்காளியை மென்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், தக்காளி தெரியாது. மூக்கை விட்ட கணத்தில் தக்காளி வந்துவிடும். வாயில் மெல்லும்போது எழும் வாசனை தொண்டை வழியாக மேலேறி மூக்கைத் தொடுகிறது. தக்காளியில் ஆவியாகும் பொருட்கள் நானூறு வரை உண்டு. மணத்தைத் தீர்மானிப்பவை சில டஜன்தான். லைகோபீன் போன்ற நிறமிகள் உடைந்து சில பிறக்கின்றன. நறுக்கியதும் வரும் பச்சைப்புல் வாசனை, கொழுப்பு அமிலங்கள் உடைவதால் வருவது. இவற்றில் சில, சர்க்கரை கூடாமலே இனிப்பைக் கூட்டிக் காட்டுகின்றன. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் ஏறத்தாழ 400 ரகங்களை ஆராய்ந்து 2017-ல் எழுதியது இதைத்தான்: புதிய வணிக ரகங்களில் இந்த மணப்பொருட்கள் பல குறைந்துபோயிருக்கின்றன. யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. விளைச்சலையும் கெட்டித்தன்மையையும் தேடியபோது மணத்தைக் கவனிக்க ஆள் இல்லை.

நல்ல விதை கையில் இருந்தாலும் மதுரையில் பருவம் தவறினால் பயனில்லை. சித்திரையில் பகல் 40 டிகிரியைத் தொடும், இரவும் புழுங்கும். அந்தச் சூட்டில் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். தப்பிப் பிடித்த காயும் சரியாகச் சிவக்காது. ஏனென்றால் சுமார் 32 டிகிரிக்கு மேல் லைகோபீன் உருவாவது தடைப்படுகிறது, மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து உருவாகிறது. கோடையில் பழம் வெளிறிய ஆரஞ்சாக நிற்பது அதனால்தான். அப்போது நிறம் திரும்பியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் பழுக்க விடுங்கள். ஆவணியில் நாற்று விட்டு, 25 நாளில் பிடுங்கி நட்டால் மார்கழி, தையில் பழம் வரும். இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும் அந்த இரண்டு மாதமும்தான் நம் ஊர்த் தக்காளிக்குப் பொற்காலம்.

மாடித் தோட்டத்தில் தண்ணீர் ஒரு பெரிய பாடம். முதல் வருஷம் காய் நிறம் மாறும் நேரத்தில் நான் காலையும் மாலையும் தாராளமாக ஊற்றினேன். பழம் பருத்தது, தோல் வெடித்தது, ரசம் சப்பென்று இருந்தது. வேர் குடித்த தண்ணீர் நேராகப் பழத்துக்குப் போய்ச் சர்க்கரையை நீர்க்கச் செய்துவிடுகிறது. அதற்காக வாடவிட்டு ஊற்றுவதும் ஆகாது. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. வரத்து தடைப்பட்டால் காயின் அடி கறுத்து அழுகும். மேல்மண் காய்ந்து, விரலை உள்ளே விட்டால் ஈரம் தட்டுப்பட வேண்டும். செடி வளரும் பையில் மண்ணின் மேலே வைக்கோலோ சருகோ பரப்பினால் இந்த அளவைப் பிடிப்பது சுலபம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் காடாகும். ஆனாலும் நல்ல இலையைக் கிள்ளி எறியாதீர்கள், பழத்தின் சர்க்கரை அங்கேதான் தயாராகிறது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு நோய்க்கு மட்டும் மருந்து கிடையாது. சுருண்ட செடியைப் பார்த்த அன்றே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

காலையில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவின் மகரந்தம் நுண்துளைக் குழாய்க்குள் இருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும். கிராமத்துத் தோட்டங்களில் மரத்துளை வண்டு ரீங்காரமிட்டு இதைச் செய்துவிடும். மாடிக்கு அது வராத நாளில் நம் விரல்தான்.

பறித்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழங்களைச் சோதித்து 2016-ல் வந்த ஆய்வில், சர்க்கரை அப்படியே இருந்தது, மணம் குறைந்திருந்தது. மணப்பொருட்களைச் செய்யும் மரபணுக்கள் குளிரில் அடங்கிவிடுகின்றன; வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாக மீள்வதில்லை. விதையைச் சுற்றிய கூழையும் வழித்து எறிய வேண்டாம். சதையைவிட அதில்தான் புளிப்பும், ருசியைத் தூக்கிக் காட்டும் குளுட்டமேட் என்ற பொருளும் கூடுதல்.

விதைக்கு, நோயில்லாத செடியில் நன்கு கனிந்த பழம் ஒன்றை விட்டு வையுங்கள். கூழோடு விதையை டம்ளரில் பிழிந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் விதையைத் தடுப்பது அந்தக் கூழ்; புளித்தால் அது கரைந்துவிடும். மேலே மிதக்கும் பொக்கு விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை அலசிப் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் விதைமேல் பூனைமுடி போல மெல்லிய ரோமம் தெரியும். உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி, சூடு படாத அலமாரியில் வைத்தால் அடுத்த ஆவணிக்கு ஆகும்.