பிக் சாப்: சொல் விளக்கம்

பிக் சாப் என்று கேட்டதும் நம்மில் பலருக்கு மட்டன் சாப்ஸ்தான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை, இரண்டும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் சாப் என்றால் ஓங்கிப் போடும் வெட்டு. அப்படி வெட்டியெடுத்த இறைச்சித் துண்டுக்கும் அதே பெயர். (நைஜீரியாவின் பிஜின் பேச்சில் சாப் என்றால் சாப்பிடுவது. நம் ‘சாப்பிடு’ போலவே ஒலிப்பது தற்செயல். வேர் தேடிக் கிளம்ப வேண்டாம்.)

கறுப்பினப் பெண்களின் பேச்சில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. மருந்து போட்டு நேராக்கிய முடி முழுவதையும் ஒரே அமர்வில் வெட்டி எறிந்துவிட்டு, வேரிலிருந்து புதிதாக வளர்ந்திருக்கும் சுருள்முடியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் பிக் சாப். மிஞ்சுவது அரை அங்குலமாகவும் இருக்கலாம், நான்கு அங்குலமாகவும் இருக்கலாம். அளவை வைத்து இது பிக் சாப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. நேராக்கிய பகுதி ஒன்றுவிடாமல் போய்விட்டதா என்பதே கேள்வி.

இப்படி ஒரு வெட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதில் அந்த மருந்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து முடியை நீவி நேராக்கினார்கள். தண்ணீர் பட்டால் போதும், முடி மறுபடி சுருண்டுவிடும். 1962 ஜனவரியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், சுருள்முடியை அப்படியே விட்ட பெண்கள் மேடையேறிய ‘நேச்சுரலி 62’ என்ற அழகுக் காட்சி நடந்தது. சூட்டுச் சீப்பை மட்டும் நம்பியிருந்த ஒரு பெண், அதைப் பார்த்து மனம் மாறி வீடு திரும்பியிருந்தால், கத்தரிக்கோல் தேவைப்பட்டிருக்காது. தலைக்குக் குளித்தாலே இயல்பான முடி திரும்பிவிடும்.

ரிலாக்ஸர் எனப்படும் நேராக்கும் களிம்பு அப்படியில்லை. அதன் பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. முடியின் புரதத்துக்குள் சுருளைப் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடும். உடைந்தது திரும்பாது. 1954இல் சிகாகோவில் தொடங்கிய ஜான்சன் புராடக்ட்ஸ் முதலில் ஆண்களுக்கும் பிறகு பெண்களுக்கும் இப்படிப்பட்ட நேராக்கிகளை விற்றது. சுருள்முடியைத் தலையைச் சுற்றி உருண்டையாக வளரவிடும் ஆஃப்ரோ நாகரிகம் வந்ததும் அதே நிறுவனம் ஆஃப்ரோவுக்கு மினுமினுப்பு தரும் பொருளையும் கடைக்குக் கொண்டுவந்தது. வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதானே!

மருந்து பட்ட முடி கடைசிவரை நேராகவே நிற்கும், வேரில் முளைப்பது மட்டும் சுருண்டு முளைக்கும். அதனால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மட்டும் மருந்து போட வேண்டும். நிறுத்திவிட்டால் ஒரே இழையில் அடியில் சுருள், நுனியில் நேர் என்று இரண்டு குணம் வந்துவிடும். இரண்டும் சேரும் இடம் பலவீனமானது, சீப்பு பட்டாலே முறியும். மாதக்கணக்கில் பொறுத்து நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வருவது ஒரு வழி, அதற்கு டிரான்சிஷனிங் என்று பெயர். பொறுமை இல்லாதவர்களுக்கான வழிதான் பிக் சாப். 2000க்குப் பிறகு இணைய மன்றங்களிலும் யூடியூபிலும் பெண்கள் இதைக் காட்டிப் பேசத் தொடங்கிய பிறகே சொல் ஊரெல்லாம் பரவியது. 2022இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, நேராக்கிகளை அடிக்கடி பயன்படுத்தும் பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதைச் சுட்டியது. அப்புறம் தயங்கிக்கொண்டிருந்த சிலருக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

படிக்க வெளிநாடு போகும் கறுப்பின மாணவிகளின் பேச்சில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடுவது இயல்புதான். பாரிஸில் படிப்பவருக்குக் கவலை குறைவு. ஷாத்தோ தோ மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே ஆப்பிரிக்க முடி அலங்காரக் கடைக்காரர்களின் ஆட்கள் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். லண்டனில் அதற்குப் பெக்கம், பிரிக்ஸ்டன் பகுதிகள் உண்டு. சிறிய பல்கலைக்கழக நகரங்களில், அல்லது தென்கொரியாவின் சியோல் போன்ற ஊர்களில், நிலைமை வேறு. எட்டு வாரத்துக்கொருமுறை வேருக்கு மருந்து போடத் தெரிந்த கை அங்கே எளிதில் கிடைக்காது. பின்னிக்கொண்டு போன சன்னப் பின்னலும் இரண்டு மாதத்தில் அவிழ்க்கும் பருவத்துக்கு வந்துவிடும். சரி, போவதற்கு முன்பே வெட்டிவிடுவோம் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. போன இடத்தில் முடி முறிந்து கொட்டிய பிறகு, கண்ணில் பட்ட சலூனுக்குள் நுழைபவர்களும் உண்டு.

அந்தச் சலூன்காரரைக் குறைசொல்லியும் பயனில்லை, அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் முடிதிருத்துநர் எல்லோரும் ஆஃப்ரோ முடியையும் கற்க வேண்டும் என்று தேசியத் தொழில் தரநிலைகள் திருத்தப்பட்டதே 2021இல்தான். நியூயார்க் மாநிலம் இதற்குச் சட்டம் போட்டது 2023இல்.

வேலை தெரிந்தவர் முதலில் முடியை நனைப்பார். நனைந்ததும் சுருள் பகுதி சுருங்கி மேலே ஏறும், மருந்துப் பகுதி ஈரநூலாகத் தொங்கும், எல்லைக்கோடு தானாகத் தெரியும். கற்றை கற்றையாகப் பிரித்து அந்தக் கோட்டில் வெட்டுவார். பிறகு காயவிட்டு, காய்ந்த நிலையில் வடிவம் திருத்துவார். இறுகச் சுருண்ட முடி காயும்போது அதன் உண்மையான நீளத்தில் பாதிக்கும் மேல் சுருங்கிவிடும். அதனால் ஈரத்தில் இழுத்துப் பிடித்து அளந்து வெட்டுகிறவரிடம் தலையைக் கொடுத்தால், காய்ந்த பிறகு காதுக்கு மேல் முடி நிற்கும். தெரியாத ஊரில் பெண்கள் சலூனைவிட, ஃபேட், அதாவது கீழே ஒட்ட வெட்டி மேலே போகப் போக நீளம் கூட்டும் வெட்டு, தெரிந்த ஆண்கள் பார்பர் கடையே மேல் என்று பலர் சொல்வது இதனால்தான். கிளிப்பரும் சுருள்முடியும் அங்கே பழகிய கூட்டாளிகள்.

இனி தமிழுக்கு வருவோம். பிக் சாப்பை எப்படிப் பெயர்ப்பது? ‘மொட்டை’ பொருந்தாது. பிக் சாப்பில் மண்டை தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ‘முடி இறக்குதல்’ நேர்த்திக்கடனோடு ஒட்டிய வழக்கு. ஆனால் இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம் கோயில்களில் இறக்கிய முடி ஏலம் போய், சுத்தமாகி, ஏற்றுமதியாகி, அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் தைத்தும் ஒட்டியும் அணியும் இணைப்பு முடியாக மாறுகிறது. அந்த வணிகத்தில் இயற்கை முடி என்றால் செயற்கை இழை கலக்காத மனித முடி. அதனால், மருந்து போடாத சுருள்முடியைக் குறிக்கும் நேச்சுரல் ஹேர் என்பதை ‘இயற்கை முடி’ என்று பெயர்த்தால் விக் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ‘இயல்முடி’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

‘கிராப்பு’ ஆசை காட்டும். ஆங்கிலக் கிராப்பிலிருந்து வந்து, குடுமியை வெட்டிய தலைமுறையின் அடையாளமாகவே ஆகிவிட்ட சொல் அது. ஆனாலும் ஆண்பிள்ளை வாசனை போகவில்லை. ‘பாப் கட்’ ஒரு வடிவத்தின் பெயர், ஆகவே அதுவும் உதவாது. நேர்ப்பெயர்ப்பாக ‘பெருவெட்டு’ எனலாம், ஆனால் அது வெட்டின் அளவைத்தான் சொல்கிறது. எதை வெட்டுகிறார்கள் என்பது அதில் தெரிவதில்லை.

என் பரிந்துரை ‘நேர்முடி களைதல்’. களைதல் என்றாலே வேண்டாததை நீக்கி வேண்டியதை விட்டுவைப்பது, வயலில் களையெடுப்பது போல. முடிக்கும் களைதல் என்ற வினை தமிழில் பழக்கமானதுதான். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘நேர்முடி களைதல், அதாவது பிக் சாப்’ என்று எழுதிவிட்டு, பேச்சு வரும் இடங்களில் பிக் சாப் என்றே விடலாம். ஒரு மாணவி தோழியிடம் “நான் நேர்முடி களைந்துவிட்டேன்” என்று சொல்வதாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதோடு ஒட்டி வரும் சொல் டி.டபிள்யூ.ஏ. வெட்டியவுடன் தலையோடு ஒட்டி நிற்கும் குட்டி ஆஃப்ரோவுக்குக் கறுப்பினப் பெண்களே வைத்துக்கொண்ட ‘டீனி வீனி ஆஃப்ரோ’ என்ற செல்லப் பெயரின் சுருக்கம் அது. ‘குறுஞ்சுருள்’ என்று எழுதலாம். ‘பரட்டை’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. துணியின் பிசிறைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்து, கறுப்பினத்தவரின் முடிக்கு வசையாகிப்போன ‘நாப்பி’க்கு அது மிக நெருங்கிய உறவு. அவர்களில் சிலர் நாப்பியைத் தங்களுக்குள் உரிமையோடு சொல்லிக்கொள்வார்கள். அந்த உரிமை மொழிபெயர்ப்பவருக்குக் கிடையாது.