ஸ்கேல் அப்: இதுக்குத் தமிழ்ல என்ன?

"ஈ-லேர்னிங் பைலட் முடிஞ்சுது, அடுத்த மாசம் ஸ்கேல் அப்"னு ஆபீஸ்ல மெயில் வரும். கொஞ்சம் பேருக்கு நடத்திப் பாத்தது பைலட், அதையே பெரிய அளவுல எல்லாருக்கும் கொண்டு போறது ஸ்கேல் அப். ஸ்கேல்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்தான், இலங்கைல அடிமட்டம்னு சொல்வாங்க. அதனாலயோ என்னவோ சிலர் ஸ்கேலிங்கை "அளவிடுதல்"னு மொழிபெயர்த்துடறாங்க. அளவிடுதல்னா அளக்குறது. இங்க யாரும் எதையும் அளக்கல.

இந்த ஸ்கேல் லத்தீன் 'ஸ்காலா'லேர்ந்து வந்தது, அர்த்தம் ஏணி. (தராசைச் சொல்ற ஸ்கேல் வேற குடும்பம், அது பழைய நார்ஸ் மொழில கிண்ணம்.) ஏணிப்படி மாதிரி வரிசையா கோடு போட்டதும் ஸ்கேல், சம்பளப் படிநிலையும் ஸ்கேல். ஸ்கேல் அப்ங்கறத தினசரி புழங்கினவங்கள்ல கெமிக்கல் இன்ஜினியருங்க முக்கியமானவங்க, லேப் குடுவைல செஞ்சத ஆலைல செய்யறதுக்கு. அங்க ஒரு சிக்கல் இருக்கு, பாத்திரத்தோட நீளம் அகலம் உயரம் மூணையும் ரெண்டு மடங்காக்கினா கொள்ளளவு 8 மடங்கு ஆகும், ஆனா மேற்பரப்பு 4 மடங்குதான், அதனால உள்ள இருக்கற சூடு வெளிய போக வழி பத்தாது. கல்யாண சமையல்காரர் நாலு பேர் சாம்பாருக்குப் போட்ட உப்பு புளிய அப்படியே நூறால பெருக்கிப் போட மாட்டாரு, அதே கதை.

ஆன்லைன் பயிற்சிலயும் இதேதான். முப்பது பேருக்கு நடத்தும்போது சந்தேகம்னா கேக்க பக்கத்துல ஒருத்தர் இருப்பாரு, முப்பதாயிரம் பேருக்குப் போகும்போது வீடியோ போகும், அந்த ஆளு போக மாட்டாரு. மத்திய அரசோட ஆசிரியர் பயிற்சித் திட்டம் நிஷ்டாவ எடுத்துக்கங்க. 2019ல ஆரம்பிச்சப்ப இலக்கு சுமார் 42 லட்சம் பேர், நேரடி வகுப்பு, மேல பயிற்சி எடுத்தவங்க கீழ உள்ளவங்களுக்குச் சொல்லித்தரணும். வாய்க்கால்ல தண்ணி விடற மாதிரி, கடைமடைக்கு வர்றதுக்குள்ள பாதி வத்திடும்ங்கறதுதான் இந்த முறை மேல எப்பவும் இருக்கற குறை. கொரோனா வந்ததும் 2020 அக்டோபர்ல தீக்ஷாங்கற அரசு ஆன்லைன் கல்வித் தளத்துக்கு மாத்தினாங்க, கடைசி ஊர் வாத்தியாருக்கும் அதே பாடம் அப்படியே போய்ச் சேரும். வத்துற பிரச்சினை தீர்ந்துச்சு, ஆனா குடிச்சாங்களான்னு எப்படித் தெரியும்? நான் முன்னாடி வேலை பாத்த கம்பெனில பாதுகாப்புப் பயிற்சிய 100 சதவீதம் முடிச்சதா ரிப்போர்ட் போச்சு, நாங்க பாதிப் பேரு வீடியோவ மியூட்ல ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனோம், நானும்தான்.

சரி, தமிழ்ச் சொல். "விரிவாக்கம்" பொதுவா ஓடுது, ஆனா வேளாண் விரிவாக்கம், சாலை விரிவாக்கம்னு ஏற்கனவே அதுக்கு நிறைய வேலை. "அளவேற்றம்" ஏணிக்கு ரொம்பப் பக்கம், ஏற்றம்ங்கறது அதுலயே இருக்கு, ஆனா காதுக்கு விலையேற்றம் மாதிரி கேக்குது. என் ஓட்டு "பேரளவாக்கம்". பொருளாதாரப் பாடத்துல பேரளவு உற்பத்தின்னு படிச்சிருக்கோம்ல, அதோட சொந்தக்காரன், புதுசா பழக வேண்டியதில்ல. பைலட்டுக்கு "முன்னோடித் திட்டம்" ஏற்கனவே அரசு அறிக்கைல வர்றதுதான், ஈ-லேர்னிங்குக்கு "மின்வழிக் கற்றல்". ஆக அந்த மெயில இப்படி எழுதலாம்: "முன்னோடித் திட்டம் முடிந்தது, அடுத்த மாதம் முதல் மின்வழிக் கற்றலின் பேரளவாக்கம்." டீக்கடைல சொல்றதா இருந்தா "எல்லாருக்கும் கொண்டு போறாங்களாம்"னாலே போதும்.