கொத்தனார் வாசலில் உடைந்த ஓடு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "புதுச்சேரிக் கடை ஒன்றில் மூன்று வகையான பெப்டைடு சீரம் காட்டினார்கள், மூன்றுமே முகச் சுருக்கத்தைப் போக்கும் என்றார்கள். எதை வாங்குவது?"

சில அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு சரம் பெப்டைடு. சரம் நீண்டால் அது புரதம். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1950களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டறிந்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அந்தக் கயிற்றை அறுக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கும் முதியவர் ஒருவரின் பிடரியையும் அவருடைய மேற்கையின் உட்புறத்தையும் பார்த்தால், முதுமையில் வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

மூன்று வகைகளில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது, மேட்ரிக்சில் என்ற வணிகப் பெயரில் விற்கும் பால்மிட்டாயில் பெண்டாபெப்டைடு-4. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபின், தெருவில் கிடந்த உடைந்த ஓடுகளைக் கண்ட கொத்தனாருக்கு வேலை வந்துவிட்டது என்று யாரும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்தோலில் கொலாஜனை உருவாக்கும் நார்ச்செல்களும் அப்படித்தான்: கொலாஜனிலிருந்து உடைந்து விழும் சில துண்டுகளைச் சேதியாக எடுத்துக்கொண்டு, அவை புதிய கொலாஜனைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. கொலாஜனின் முன்வடிவமான முன்கொலாஜனின் வால்பகுதியிலுள்ள லைசின், திரியோனின், திரியோனின், லைசின், செரின் என்ற ஐந்தே அமினோ அமிலங்கள் இந்தச் சேதிக்குப் போதும் என்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் வீடு இடியாமலேயே கொத்தனார் வாசலில் உடைந்த ஓட்டைப் போட்டுவைத்தால் என்ன என்ற குறும்புதான் இந்தச் சீரம்.

ஆனால் அந்த வாசலை எட்டுவது எளிதன்று. தோலின் வெளியடுக்கு, இறந்த செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டு எழுப்பிய சுவர். 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதைக் கடப்பது அரிது என்பது 2000ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட விதி. நம் ஐந்து மணிச் சரத்தின் எடை ஏறத்தாழ 564. பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலத்தை, அதாவது 16 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு வாலை, அதில் ஒட்டினால் எடை 802க்கு ஏறிவிடுகிறது. ஆயினும் அது முன்னைவிட நன்றாகவே உள்ளே போகிறது, ஏனெனில் சாந்தும் கொழுப்பு, வாலும் கொழுப்பு. (ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன் எடையுள்ள கொலாஜனையே களிம்பாக்கிப் பூசினால் அது தோலுக்குள் போய்ச் சேரும் என்பது, திருஷ்டிப் பூசணியை நம்புவதற்கு ஒப்பானது.)

இரண்டாவது, 1973இல் லாரன் பிக்கார்ட் மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, ஜிஎச்கே எனப்படும் மூன்று மணிச் சரம். 340 டால்டன்தான் எடை. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குத் தேவையான தாமிரத்தைச் சுமந்து செல்லும். ஆனால் அது நீரை விரும்புவது என்பதால் கொழுப்புச் சாந்து அதற்கு எளிதில் வழிவிடாது. மூன்றாவதான ஆர்ஜிரெலின் கொலாஜன் பக்கமே போவதில்லை. சுருக்கம் போக்க ஊசியாகப் போடும் போட்டாக்ஸ் நச்சு வெட்டுகிற ஸ்நாப்-25 என்ற நரம்புப் புரதத்தின் நுனியைப் போல நடித்து, தசைக்குச் செல்லும் கட்டளையைத் தளர்த்த முயல்வது. நரம்பு தசையைத் தொடும் இடம் உள்தோலுக்கும் கீழே இருக்க, ஏறத்தாழ 889 டால்டன் எடையுள்ள இந்தச் சரத்தின் பெரும்பகுதி மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது.

பலன் எவ்வளவு? 2005இல் 93 பெண்களின் முகத்தில் ஒரு பாதிக்கு மேட்ரிக்சில் கலந்த களிம்பும் மறுபாதிக்கு வெறும் களிம்பும் 12 வாரம் பூசிப் பார்த்ததில், மேட்ரிக்சில் பூசிய பாதியில் சுருக்கம் சிறிதளவு குறைந்தது. ஆனால் சோதித்தவர்களே விற்பவர்கள். பொதுப்பணத்தில், நம் நிறத் தோலில், நம் வெயிலில் இந்த மூன்றையும் அருகருகே வைத்துச் சோதிக்கப் புதுச்சேரி ஜிப்மரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. சுருக்கத்துக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் என்பார்கள். விளம்பரத்தை நம்பி வீட்டுப் பணம் கரைவதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே, வாங்கியே தீருவதென்றால் வாசகி மேட்ரிக்சிலை எடுக்கலாம். அதற்கு முன் ஒரு சன்ஸ்கிரீன் வாங்குவது நல்லது: ஆஸ்திரேலியாவில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அதை நாள்தோறும் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 விழுக்காடு குறைவாகவே முதுமை அடைந்திருந்தது.