ஓடினால் வலி, நின்றால் சரி

“வயது 24. சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. கொஞ்ச தூரம் ஓடினாலே கெண்டைக்கால் கல்லாக இறுகுகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. கால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதாம். இந்த வயதிலா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

கொழுப்பு படிந்து குழாய் அடைபடும் கதை எல்லோருக்கும் தெரியும். இளவயதில் வேறொன்றையும் சந்தேகிக்க வேண்டும். குழாய்க்குள் ஒன்றுமே இருக்காது. வெளியிலிருந்து தசை நசுக்கிக்கொண்டிருக்கும்.

கெண்டைக்கால் தசை மேலே இரண்டாகப் பிரிந்து தொடை எலும்பைப் பிடித்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே, முழங்கால் மடிப்பு வழியாகத் தமனி இறங்குகிறது. ஆனால் கருவில் தசையின் உட்பக்கப் பிரிவு அங்கேயே இருப்பதில்லை. நகர்ந்துதான் தன் இடத்துக்குப் போகிறது. அதே நாட்களில் தமனியும் உருவாகிக்கொண்டிருக்கிறது. தமனி முந்திக்கொண்டால், நகரும் தசை அதையும் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு வாழ்நாள் முழுக்க, குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் ஒரு நசுக்கு. நாளடைவில் சுவர் தடித்துத் தழும்பேறும், ரத்தம் உறையும்.

1879இல் எடின்பரோவில் ஆண்டர்சன் ஸ்டுவர்ட் என்ற மருத்துவ மாணவர், 64 வயதுக்காரர் ஒருவரின் வெட்டியெடுக்கப்பட்ட காலை அறுத்துப் பார்த்தபோது இதைக் கண்டு எழுதிவைத்தார். அதனால் அன்று யாருக்கும் லாபமில்லை. 1959இல்தான் நெதர்லாந்தின் லைடனில் 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. ‘இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்?’ என்று நிதி விண்ணப்பத்தில் கேட்பவர்களிடம் அந்த 80 வருடத்தைக் காட்டவேண்டும் போலிருக்கும் எனக்கு.

சோதனை எளிது. கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தெரியும். முழங்காலை நீட்டிப் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால் அது மறைகிறதா என்று பார்ப்பார்கள். நன்றாக இருப்பவர்களிலும் பலருக்கு மறையும். அதனால் வீட்டில் பார்த்துப் பயப்படாதீர்கள், ஸ்கேன்தான் முடிவு சொல்லும். நரம்பு பிசகியது என்று எண்ணெய் போட்டு உருவி மாதங்களைக் கழிப்பதும் வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா? நசுக்கும் தசை அங்கேயே இருக்கிறதே, ஸ்டென்டையும் சேர்த்து நசுக்கும். தசையின் அந்தப் பிடிப்பை வெட்டிவிட வேண்டும். மற்ற தசைகள் இருப்பதால் நடை கெடாது. தமனி ஏற்கெனவே பாழாகியிருந்தால், அதே ஆளின் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து மாற்றுப்பாதை போடுவார்கள். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும். இங்கே ரத்தம் பாதத்துக்கு இறங்கவேண்டும். அதனால் பெரும்பாலும் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள்.

அப்புறம், வலிக்காத இன்னொரு காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு இரண்டிலும் இருக்கும்.